நாலு விரல் உயரத்தில் ஒரு கோடு

புரட்டாசி 2, ஞாயிறு

காலையில் மூடாப்பு. மழை இல்லை. சாயப் பட்டறை லீவு.

இன்று திருப்பரங்குன்றம் போனேன். சாமி கும்பிட என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் ஸ்டேஷன் பலகையை வாசிக்க. மொத்தம் பத்து எழுத்து. மூன்று தடவை வாசித்தேன், மூன்று தடவையும் அதே ஊர்தான் வந்தது. பக்கத்தில் நின்ற ஆள், "என்ன பெரியவரே, ரயில் போயிருச்சா?" என்றான். ரயிலுக்கு வரவில்லை என்றேன். ஒரு மாதிரி பார்த்தான்.

அறுபத்திரண்டு வயதுவரை இந்தப் பலகை எல்லாம் எனக்கு வெறும் கறுப்பு வெள்ளை. தை மாசம் பிடித்த பென்சில். மருமகள் தங்கம் சொல்லிக் கொடுத்தது. அவள் மிஷன் பள்ளியில் அஞ்சாவது வரை. அவளுக்குப் பொறுமை அதிகம், வாயும் அதிகம்.

ஒரு வரி எழுத ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் ஆகிறது. அதனால் சுருக்கம். மு. என்றால் முதலாளி. மா. என்றால் மாஸ்டர்.

மா. பேரை எழுதியதும் கை நின்றுவிட்டது. இன்றைக்கு இது போதும்.

புரட்டாசி 4, செவ்வாய்

வெயில். நூல் சீக்கிரம் காய்ந்தது.

இன்று செய்தது:
சிவப்பு, ஒரு தொட்டி.
மஞ்சள், அரைத் தொட்டி.
காஸ்டிக் காரம் தெறித்து இடது கையில் ஒரு கொப்புளம். தங்கத்திடம் சொல்லவில்லை.

சாயம் கலக்கும் இடத்துச் சுவரில் மா. ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது. அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஓரம் மடங்கி, புகை ஏறி, ஒரு மூலையைப் பல்லி எடுத்துக்கொண்டது. யாரும் கிழிக்கவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. நான் தினமும் அதற்குக் கீழேதான் நின்று பழையபடி கைப்பிடியும் குடமுமாய்க் கலக்கினேன். அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் பென்சிலையே பிடித்தேன். தங்கத்திடம் இந்தக் காரணத்தைச் சொன்னதில்லை.

இன்று முழுதும் வாசித்துவிட்டேன். 'சிவப்பு. முதல் தண்ணி 200 லிட்டர். தூள் இத்தனை கிராம். காஸ்டிக் இத்தனை கிராம். நூல் நனைக்க அரை மணி.' அப்புறம் 'ரெண்டாம் தண்ணி'. அவ்வளவுதான். ஏதோ நம்மைக் கட்டிப்போடும் மந்திரம் என்று நினைத்திருந்தேன். சமையல் குறிப்பு மாதிரி இருக்கிறது.

நான் உதட்டை அசைத்து வாசிப்பதைப் பிச்சை பார்த்துவிட்டான். அவன் நூல் முக்குகிறவன், வாய் ஓயாது.

"என்னண்ணே, செவத்தோட பேச்சு?"

"வாசிக்கேன்டா."

"கிராமு, லிட்டரா? அந்த ஆளு போயும் அந்தச் சனியன் போகலையா? பேரையூர்க் கிராமத்த விட்டு வந்தீரு, இப்ப இந்தக் கிராமைப் பிடிச்சுக்கிட்டீரா?"

எல்லோரும் சிரித்தார்கள். போன வருஷம் இதே சிரிப்பை மூட்டிவிட்டவன் நான். இன்று சிரிப்பு வரவில்லை.

புரட்டாசி 5, புதன்

புழுக்கம். சாயங்காலம் தூறல்.

மா. வந்தது மூன்று வருஷத்துக்கு முன். முப்பது வயசு இருக்கும். சென்னையில் படித்தவர். சாயத் தூள் ஜெர்மனியிலிருந்து டின்னில் வருகிறது. டின்னுக்குள் ஒரு தாள், அதில் எல்லாம் கிராம், லிட்டர். அந்தத் தாளைப் படித்துக் கலக்க ஆள் வேண்டும் என்று மு. அழைத்து வந்தார்.

அதுவரைக்கும் நான்தான் கலக்குகிறவன். தூளுக்குக் கைப்பிடி. தண்ணிக்குக் குடம். காரத்துக்கு ரெண்டு விரலால் வழித்துப் பார்த்தால் வழுக்கல் சொல்லிவிடும். முப்பது வருஷம் அப்படித்தான்.

மா. ஒரு சின்னத் தராசு கொண்டுவந்தார். பித்தளைக் கல் ஒரு மரப்பெட்டியில், பல்வரிசை மாதிரி. தண்ணி அளக்கக் கோடும் எண்ணும் போட்ட உயரமான கண்ணாடி ஒன்று, லிட்டர்க் குவளை ஒன்று. எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் முன்னால் நின்று கேட்டேன்.

"மாஸ்டர், ராத்தல் இருக்கு, பலம் இருக்கு, உழக்கு இருக்கு. இது எந்த ஊரு அளவு?"

"எந்த ஊருக்கும் பொதுவான அளவு, பெரியவரே."

"எந்த ஊருக்கும் பொதுன்னா எந்த ஊருக்குமே சொந்தமில்ல."

அன்று பட்டறையே கைதட்டியது. அன்றிலிருந்து நான் அவர்களுக்குத் தலைவன் மாதிரி. கண்ணாடியை எடு என்றால் கண் மங்கல் என்பேன். கல்லை வை என்றால் கை நடுக்கம் என்பேன். மற்றவர்களும் ஆளுக்கொரு நோயைச் சொன்னார்கள். பிச்சைக்கு இடுப்பு வலி.

என் நோய் வேறு. கண்ணாடியில் இருந்த எண் எனக்குத் தெரியாது. ஒரு நாள் ஐம்பது கோடு வரை ஊற்றச் சொன்னார். நான் எங்கோ ஊற்றினேன். பிச்சை எட்டிப் பார்த்து, "அண்ணன் நூறைத் தொட்டுட்டாரு, மழை பெய்யப் போகுது" என்றான். பத்துப் பேர் முன்னால். அதற்கு அடுத்த வாரம் மா. கண்ணாடியைக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். சிமெண்டுத் தொட்டியின் உள் சுவரில் வெள்ளைக் கோடு போட்டார். இந்தக் கோடு வரை தண்ணி விட்டால் போதும் என்றார். என்னை நம்பிக் கண்ணாடியைத் தரவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்று. நான் டின்னில் கைவிட்டு எடுக்கும் முன்னால் டின்னை நிறுப்பார். எடுத்த பிறகும் நிறுப்பார். ஒரு நாள் அல்ல, பத்து நாள். திருடுகிறேன் என்று பார்க்கிறார் என முடிவு செய்தேன். முப்பது வருஷத்தில் ஒரு சிட்டிகை வெளியே போனதில்லை.

மேலே எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. பென்சில் மழுங்கிவிட்டது. சீவினால் எழுதலாம். சீவவில்லை.

புரட்டாசி 6, வியாழன்

சீவினேன்.

போன வருஷம் ஆயுத பூஜை. வருஷா வருஷம் பூஜைக்கு முன்னால் தொட்டி, அண்டா, கழி எல்லாம் செங்கல் பொடியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்ப்பது வழக்கம். மா. பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தார். சிவப்புத் தொட்டி என் பங்கு. தேய்த்தேன். கோடும் சேர்ந்து போயிற்று.

பிச்சை, "அண்ணே, மாஸ்டர் கோட்டையும் தேச்சுப்புட்டீரே" என்றான்.

"அவரு வந்தா போடுவாருல்ல, இல்ல நானே போட்டுருதேன்" என்றேன்.

சுண்ணாம்பைக் குழைத்து நானே போட்டேன். பழைய கோடு இருந்த இடம் எனக்குத் தெரியும். சிமெண்டில் ஒரு சின்னக் கல் துருத்திக்கொண்டிருக்கும், அதற்கு நேராக இருந்தது. நான் அதற்கு மேலே நாலு விரல் வைத்து, அதற்கு மேலே போட்டேன்.

மறதி என்று கொஞ்ச நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறதி இல்லை. நாலு விரலையும் சேர்த்து வைத்து அளந்தது யாருடைய கை.

அது தீபாவளி நூல். துண்டுக்கும் சேலை, வேட்டிக் கரைக்கும் சிவப்பு. மா. வந்தார், கோட்டைப் பார்த்தார், தண்ணி விடச் சொன்னார், தாளில் உள்ளபடி தூளை நிறுத்துப் போட்டார். முதல் தண்ணியில் நூல் மஞ்சளாய் இருக்கும். ரெண்டாம் தண்ணியில் முக்கியதும் கண் மூடித் திறப்பதற்குள் சிவப்பு ஏறும். அன்று ஏறியது, ஆனால் வெளுத்த சிவப்பு. மா. கொஞ்ச நேரம் நூலையே பார்த்தார். காய்ந்தால் சரியாகும் என்று மு. சொன்னார். நாள் இல்லை, தீபாவளி நெருங்கிவிட்டது. எட்டுத் தொட்டி போட்டார்கள்.

தீபாவளி கழிந்து நெசவு வீட்டம்மா ஒருத்தி பட்டறைக்கு வந்து தரையில் ஒரு வேட்டியை விரித்தாள். சிவப்புக் கரை வெள்ளை முழுதும் ஓடியிருந்தது. விரித்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு தினமும் யாராவது வந்தார்கள்.

மா. இரண்டு நாள் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டார். தாள் தாளாய். மூன்றாம் நாள் மு. எல்லோர் முன்னாலும், "படிச்ச படிப்பு இம்புட்டுதானா?" என்றார். மா. சட்டையை மாட்டிக்கொண்டு அப்படியே போனார். தராசு, கண்ணாடி எதையும் எடுக்கவில்லை.

பட்டறையில் அன்று பொரிகடலை வாங்கித் தின்றோம். நானும் தின்றேன்.

புரட்டாசி 7, வெள்ளி

வெயில். நாளை நவராத்திரி. இன்றிலிருந்து சுத்தம்.

மு. சொல்லி, சாமான் அறையைத் திறந்து ஒழித்தேன். காலி டின் பதினாறு. உடைந்த கழி. எலிக்குஞ்சு நாலு. மா. தராசுப் பெட்டிக்கு அடியில் ஒரு நோட்டு. நீல அட்டை. உள்ளே தமிழ். போன வருஷம் என்றால் அடுப்புக்குப் போட்டிருப்பேன்.

இடுப்பில் செருகி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முன்னே பின்னே சாமான் எடுத்துப் பழக்கமில்லாததால் வழி நெடுக வியர்த்தது.

புரட்டாசி 8, சனி

தங்கம் அரிசி களைந்துகொண்டே கேட்டாள், "என்ன மாமா, காலையில இருந்து ஒரே பக்கத்தையே பாத்துக்கிட்டு இருக்கீக?"

"கூட்டெழுத்து. வேகமா எழுதியிருக்காரு. புரியல."

"நான் வாசிக்கவா?"

"வேண்டாம்த்தா. நானே வாசிக்கேன்."

மத்தியானம் வரை ஆயிற்று. பார்த்து அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்து மாற்றாமல்.

'வெள்ளைச்சாமி கைப்பிடி: 38 கிராம். 38. 37. 38. 38. பத்து நாள் பார்த்தாயிற்று. தராசே இவரிடம் பாடம் கேட்கலாம். அட்டவணையை இவர் கைப்பிடிக் கணக்கிலேயே போடலாம். பிறகு அவருக்கே கொடுத்தால் மற்றவர் ஏற்பார்கள்.'

வெள்ளைச்சாமி நான்தான்.

அடுத்த பக்கம்.

'பெரியவருக்கு எழுத்து தெரியாது. கண்ணாடியில் எண்ணைப் பார்ப்பது போல் பார்க்கிறார், பாவம். இன்று எல்லோர் முன்னாலும் அவமானப்பட்டுவிட்டார், என் தவறு. இனிக் கண்ணாடியைத் தரக்கூடாது. தொட்டியில் கோடு போட்டுவிட்டால் எண் வேண்டியதில்லை.'

தங்கத்திடம் நோட்டைக் கொடுத்து, இதேதான் எழுதியிருக்கிறதா பார் என்றேன். வாசித்தாள். "ஆமா மாமா. நல்லாத்தானே எழுதியிருக்காரு. எதுக்கு அழுகுறீக?"

புகை என்றேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை கையை அரிசிப் பானையிலேயே வைத்திருந்தாள்.

"அவரு இப்ப எங்க இருக்காரு?"

"வாடிப்பட்டிங்காக. ஏதோ கடலை மண்டியாம்."

"அம்புட்டுத் தூரமா அது? பஸ் போகுது."

புரட்டாசி 10, திங்கள்

மு. கணக்கு மேசையில் தனியாய் இருந்தபோது சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

உள்ளேயிருந்து மு. சம்சாரம் அவர்கள் வீட்டுப் பாஷையில் என்னவோ கேட்டாள். முப்பது வருஷத்தில் அந்தப் பாஷை எனக்குப் பாதி புரியும். யார் வந்திருக்கிறது என்று கேட்டாள். யாருமில்லை என்றார்.

பிறகு என்னிடம், "வெள்ளைச்சாமி, இதை வேற யாருட்ட சொன்ன?"

"மருமகட்ட."

"அதோட விட்டுரு. முடிஞ்சு போனது. ஜவுளிக்காரங்க இப்பத்தான் மறந்திருக்காங்க."

"மாஸ்டருக்கு ஒரு கடுதாசி நீங்க எழுதினா நல்லாருக்கும் முதலாளி. அவரு தப்பு இல்லேன்னு."

"நான் எழுதினா, அப்ப நான் எல்லார் முன்னாடியும் சொன்னது என்னாகும்?"

என்னை வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்துப் போனேன். நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் கொஞ்சம் இலேசாய் இருந்திருக்கும். ஜெர்மனியில் சண்டை வரும் என்று பேச்சு, வந்தால் டின் வராது, கலக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்.

வாசலுக்கு வந்ததும் கூப்பிட்டார். "உனக்குத்தான் இப்ப எழுத வருதாமே. நீயே எழுது."

கேலியாய்ச் சொன்னாரா, உண்மையாய்ச் சொன்னாரா தெரியவில்லை.

புரட்டாசி 11, செவ்வாய்

கடிதம். என் வாழ்நாளில் முதல் கடிதம். ஐந்து தாள் வீண். கடைசியில் நின்றது:

'மாஸ்டருக்கு வெள்ளைச்சாமி எழுதுவது. போன வருஷம் ஆயுத பூஜைக்குத் தொட்டி தேய்த்தபோது நீங்கள் போட்ட கோட்டை அழித்தது நான். அதை நாலு விரல் உயரத்தில் திரும்பப் போட்டதும் நான். தெரிந்தே போட்டேன். சாயம் கெட்டது உங்களால் அல்ல. இதை யாரிடமும் காட்டலாம்.'

கீழே கையெழுத்து. கைநாட்டு இல்லை. பேரைப் போட்டுவிட்டுச் சந்தோஷமாய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகுதான் எதன் கீழே போட்டிருக்கிறேன் என்று உறைத்தது.

முதல் கடிதம் பேரனுக்கு எழுதுவேன் என்று நினைத்திருந்தேன்.

புரட்டாசி 12, புதன்

லீவு சொல்லி வாடிப்பட்டி பஸ். நல்ல வெயில். பலகையை வாசித்து நானே இறங்கினேன், யாரையும் கேட்கவில்லை. ஆறு எழுத்து. முன்பு என்றால் அதைத் தங்கத்திடம் போய்ச் சொல்லியிருப்பேன்.

மண்டியில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசுக்குப் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்தார். ஆள் இளைத்துவிட்டார். ஒருத்தன் நிறையைச் சொல்கிறான், இவர் எழுதுகிறார். மணங்கு, வீசை, பலம். எழுதியதும் தாளை மேலிருந்து கீழே இன்னொரு தடவை விரலால் தடவிப் பார்க்கிறார். ஒவ்வொரு மூட்டைக்கும். மூட்டைக்காரன், "எத்தன தடவ சாமி கூட்டுவீக?" என்று கடிந்துகொண்டான்.

என்னைக் கண்டதும், "வாங்க பெரியவரே, சௌக்கியமா?" என்றார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

கடிதத்தைக் கொடுத்தேன்.

"யார் எழுதினது?"

"நான்தான் மாஸ்டர்."

"எழுதப் படிச்சுக்கிட்டீங்களா?" முகம் மலர்ந்தது. அப்புறம் வாசித்தார். ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை.

திட்டுவார் என்று நின்றேன். அவர் கேட்டது, "நாலு விரல் படுக்கையிலயா, நிக்க வச்சா?"

"படுக்கையில. ஒண்ணு மேல ஒண்ணு."

என் வலது கையைப் பிடித்து மூட்டையின் மேல் விரித்து, நாலு விரலின் அகலத்தையும் தன் அடிக்கோலை வைத்து அளந்தார். கடிதத்தின் பின்பக்கமே கணக்கு. தொட்டியின் நீளம் அகலம் எல்லாம் அவருக்கு இன்னும் மனப்பாடம்.

"ஒரு விரலுக்குப் பத்தரை லிட்டர். நாப்பத்திரண்டு லிட்டர் அதிகம். இருநூறுக்கு நாப்பத்திரண்டு." பென்சில் அங்கேயே நின்றது. "அப்ப என் கணக்கு சரி."

ஆமாம் மாஸ்டர் என்றேன்.

"ஒரு வருஷமாப் போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கேன் பெரியவரே. தப்பு எங்கன்னு தெரியல. கோயமுத்தூர்ல ஒரு பட்டறையில கூப்பிட்டாங்க. ஏன் அங்க விட்டீங்கன்னாங்க. கணக்கு தப்பிருச்சு, எங்கன்னு தெரியலன்னு சொன்னேன். தெரியாதவனுக்கு யார் வேலை தருவா. இப்ப அங்க வேற ஆள்."

கும்பிட்டேன். கும்பிடாதீங்க என்று சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. கடிதத்தில் 'நாலு விரல்' என்பதற்குப் பக்கத்தில் '42 லிட்டர்' என்று தன் கையால் எழுதி, அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்து போடச் சொன்னார். போட்டேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

நோட்டைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்து, "இதை நீங்க வாசிச்சீங்களா?" என்றார்.

"வாசிச்சேன்."

அவர் முகம் சிவந்தது. எனக்கு எழுத்து தெரியாது என்று எழுதியதற்காக அவர் வெட்கப்பட்டார். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது.

மூட்டைக்காரன் கூப்பிட்டான். மா. போய் நின்றார். நிறையைச் சொன்னான், எழுதினார். இந்தத் தடவை விரலால் தடவிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது எந்தப் பலகையையும் வாசிக்கவில்லை.

புரட்டாசி 14, வெள்ளி

கை ஓடவில்லை. கொப்புளம் உடைந்துவிட்டது. தங்கம் பார்த்துவிட்டாள், திட்டு.

புரட்டாசி 16, ஞாயிறு

ஆயுத பூஜை. காலையில் தூறல், பிறகு வெளுத்தது.

நேற்றே சிவப்புத் தொட்டியைத் தேய்த்துவிட்டேன். இன்று விடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் போய் மா. விட்டுப்போன லிட்டர்க் குவளையால் தண்ணி ஊற்றினேன். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி இருநூறு. இடுப்பு விட்டுப்போயிற்று. தண்ணி சரியாய் அந்தத் துருத்தின கல்லுக்கு நேராய் நின்றது. அங்கே கோடு போட்டேன். பக்கத்தில் 200 என்று எழுதினேன். ரெண்டு கொஞ்சம் சாய்வு.

பிச்சை வந்து எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, நீரும் லிட்டர்ல சேந்துட்டீரா? இம்புட்டு நாள் எங்களுக்குச் சொன்னது?"

"பொய்யிடா."

"எது?"

"கண்ணு மங்கல்னு சொன்னது. எனக்கு எண்ணு தெரியாது, அதான். மாஸ்டர் கோட்டை மாத்திப் போட்டதும் நான்தான்."

அவன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த கழியைச் சாத்திவைத்துவிட்டு மெதுவாய், "எனக்கும் தெரியாதுண்ணே" என்றான். அவனுடைய இடுப்பு வலியும், அன்று நூறு என்று குத்துமதிப்பாய் அடித்துவிட்டதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சாமான்களைப் பூஜைக்கு வரிசையாய் வைத்தோம். உழக்கு, குடம், கழி. போன வருஷம் தராசையும் கண்ணாடியையும் நான் வரிசையில் வைக்கவிடவில்லை. இன்று துடைத்து வைத்தேன். சந்தனம் வைக்கும்போது தராசுத் தட்டு ஒரு பக்கம் தாழ்ந்தது. இன்னொரு தட்டுக்கும் வைத்தேன். மு. பார்த்துவிட்டுச் சூடம் ஏற்றினார்.

தொட்டியில் மேலே இருந்த என் கோட்டை எவ்வளவு தேய்த்தும் தடம் போகவில்லை. ஒரு வருஷம் சிமெண்டில் ஊறிவிட்டது. ஈரமாய் இருக்கும்போது தெரியாது, காய்ந்தால் தெரிகிறது.

நாளை நூல் வருகிறது. தண்ணி கீழ்க் கோடு வரைக்கும்.